‘ஹஸ்ஸா’ என்ற பழைய ஆங்கில ஆரவாரச் சொல்லின் பொருளும் பிறப்பும்: தேடிக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் இன்று ‘ஹுரே’ என்று கத்தும் இடத்தில் இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ‘ஹஸ்ஸா’ என்று கத்தினார்கள். பழைய ஆங்கில நாடகமோ நாட்குறிப்போ மொழிபெயர்ப்பவர்களும், சொற்பிறப்பில் ஆர்வம் உள்ளவர்களும் இந்தச் சொல்லில் மாட்டிக்கொள்வது வழக்கம். இணையத்தில் இதற்கு ஏழெட்டுப் பிறப்புக் கதைகள் கிடைக்கின்றன. பெரும்பாலானவர்கள் அவற்றில் பிடித்த ஒன்றை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற சான்றைப் பிறகு தேடுகிறார்கள். அந்த வரிசை தலைகீழானது. எழுத்துக்கூட்டு, பொருள், காலம், உச்சரிப்பு என்று போய், பிறப்பைக் கடைசியில் தொட வேண்டும்.

தேடல் பெட்டிகளில் சொல்லை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். இங்கே எழுத்துகளைப் பெயர் சொல்லியே குறிக்கிறோம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி முதலில் வேண்டும். இணையப் பதிப்புக்குக் கட்டணம் உண்டு. பல்கலைக்கழக நூலகம் வழியாகப் பார்க்கலாம். அது இல்லையென்றால் 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வந்த முதல் பதிப்பின் ஸ்கேன்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தச் சொல்லுக்கு அதுவே பெரும்பாலும் போதும். இன்று இணையத்தில் சுற்றும் விளக்கங்களில் பல அந்தப் பதிவின் வழி வந்தவைதான்.

இரண்டாவது, மூல நூல்களைத் தேடும் தளங்கள். 1700 வரையிலான அச்சு நூல்களுக்கு ‘ஏர்லி இங்கிலிஷ் புக்ஸ் ஆன்லைன்’. அதில் தட்டச்சு செய்து முடித்த நூல்களின் முதல் தொகுதி 2015 முதல் யாரும் பார்க்கலாம். மக்கள் வாயில் புழங்கிய பேச்சுக்கு லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றப் பதிவுகள்: 1674 முதல் 1913 வரை, இலவசம். ஜெர்மன் பக்கத்தைச் சரிபார்க்க கிரிம் சகோதரர்கள் தொடங்கிய அகராதி இணையத்தில் உள்ளது.

மூன்றாவது, ஐந்து பத்திகள் கொண்ட ஒரு அட்டவணை: எழுதிய ஆண்டு, அச்சான ஆண்டு, எழுத்துக்கூட்டு, வாக்கியம், பொருள். ஆண்டுக்கு ஏன் இரண்டு பத்தி என்பது நான்காம் படியில் தெரியும். அட்டவணை இல்லாமல் தொடங்கினால் இருபது மேற்கோள் சேர்ந்தவுடன் எது முந்தியது என்பதே மறந்துவிடும்.

2. எழுத்துக்கூட்டுகளைப் பட்டியலிடுங்கள்

பொருளைத் தேடும் முன் இதை முடித்தாக வேண்டும். ஒரே ஒரு எழுத்துக்கூட்டில் தேடினால் சான்றில் பெரும்பகுதி கண்ணில் படாது. பிறகு “அந்தக் காலத்தில் இந்தச் சொல்லே இல்லை” என்று தவறாக முடிவு கட்டுவோம்.

இன்று அதிகம் காணும் வடிவத்தின் கடைசியில் எச் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டு அச்சில் வழக்கமான வடிவம் அந்தக் கடைசி எச் இல்லாதது: எச், யு, இரண்டு இசட், ஏ. இதோடு, இசட்டுக்குப் பதில் இரண்டு எஸ் வரும் வடிவம், கடைசியில் இரண்டு ஏ, ஏ-டபிள்யு, ஏ-ஒய் என்று முடியும் வடிவங்கள் எல்லாவற்றையும் சேருங்கள். வினைச்சொல்லாகவும் வருவதால் இறந்தகால வடிவங்கள் தனி. சொல்லின் கடைசியில் ஒற்றை மேற்கோள்குறி (அபாஸ்ட்ரஃபி) போட்டு ஒரு டி மட்டும் சேர்த்து எழுதுவது அன்றைய பழக்கம். தேடுபொறி அதைத் தனிச்சொல்லாக எண்ணும்.

இரண்டு எஸ் வடிவத்தில் ஒரு பொறி இருக்கிறது. சுமார் 1800 வரை ஆங்கில அச்சில் சொல்லின் நடுவே வரும் எஸ் நீளமாக, எஃப் போலவே இருக்கும். ஸ்கேன் செய்த பக்கத்தைக் கணினி படிக்கும்போது இரண்டு நீள எஸ்களை இரண்டு எஃப் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே எச், யு, இரண்டு எஃப், ஏ என்றும் ஒரு முறை தேடுங்கள். கிடைப்பதில் பாதி குப்பையாக இருக்கும், மீதிக்காக அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒவ்வொன்றையும் பக்கத்தின் படத்தைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே அட்டவணையில் ஏற்றுங்கள்.

ஒரு சொல் எந்த ஆண்டில் எவ்வளவு புழங்கியது என்று காட்டும் கூகுள் என்-கிராம் வரைபடம் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்கும். கூவல் என்பதால் இந்தச் சொல் வாக்கியத் தொடக்கத்தில் பெரிய எழுத்தோடு வருவது அதிகம். இரண்டையும் ஒன்றாக எண்ணச் சொல்லும் பெட்டியில் குறியிட மறந்தால் வரைபடம் பொய் சொல்லும். அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் ஓர் ஓடைக்கும் இதே எழுத்துக்கூட்டில் பெயர் உண்டு. அது ஓசேஜ் பழங்குடியின் பெயர் திரிந்து வந்தது, ஆரவாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்க நாளிதழ்களில் தேடும்போது இதை ஒதுக்கிவிடுங்கள்.

3. பொருளை வகை பிரியுங்கள்

“மகிழ்ச்சிக் கூவல்” என்று ஒரே வரியில் முடிப்பது புதியவர்கள் செய்யும் அடுத்த தவறு. சாமுவேல் ஜான்சன் 1755-ல் தன் அகராதியில் இதைக் கத்தல், வாழ்த்தொலி என்று சுருக்கமாகத்தான் விளக்கினார். வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தால் குறைந்தது நான்கு பயன்பாடுகள் பிரிகின்றன.

முதலாவது, கூவலே. ஜார்ஜ் ஃபார்க்கரின் ‘தி ரெக்ரூட்டிங் ஆபீசர்’ நாடகத்தில் (1706) படைக்கு ஆள்பிடிக்க வந்தவர்களைச் சுற்றி நிற்கும் கூட்டம் இதைக் கத்துகிறது. இரண்டாவது, எண்ணக்கூடிய பெயர்ச்சொல்: “மூன்று ஹஸ்ஸா கொடுத்தார்கள்”. எண்ணிக்கையோடு வந்தால் அது முறைப்படியான வாழ்த்து. கும்பலின் தன்னிச்சையான இரைச்சல் அல்ல. மூன்றாவது, வினைச்சொல். ஒருவரை ஹஸ்ஸா போட்டு வரவேற்பது, ஊர்வலமாகக் கூட்டிப்போவது. நான்காவது வழக்கொழிந்துவிட்டது: பதினேழாம் நூற்றாண்டில், கத்திக் கூத்தடித்துத் திரியும் இளைஞனையே இந்தப் பெயரால் குறித்திருக்கிறார்கள். பழைய நாடகத்தில் “ஹஸ்ஸாக்கள்” என்று மனிதர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தப் பொருளை நினைவில் வையுங்கள். இல்லையென்றால் அந்த வரி புரியவே புரியாது.

இவற்றுக்கு மேல் தொனி என்று ஒன்று உண்டு. சொல் எப்போதும் நல்லெண்ணத்தைக் காட்டவில்லை. ஓல்ட் பெய்லியில் 1780-ன் கோர்டன் கலகத்தை (லண்டனில் கத்தோலிக்கர்களுக்கு எதிராக எழுந்த கலவரம்) பற்றிய வழக்குகளைப் புரட்டினால், வீட்டை இடிக்கும் கும்பலின் கூச்சலுக்கும் சாட்சிகள் இதே சொல்லைச் சொல்கிறார்கள். கவிஞர் அலெக்சாண்டர் போப் இதை வெற்றுக் கும்பலின் சத்தமாக இளக்காரம் செய்கிறார். யார் கத்துகிறார்கள், யார் அதை எழுதுகிறார்கள் என்ற இரண்டையும் அட்டவணையின் பொருள் பத்தியிலேயே குறித்துவிடுங்கள். படித்த மேட்டுக்குடி எழுத்தாளர் தெருக்கூட்டத்தின் கூவலை எழுதும்போது ‘ஆரவாரம்’ சட்டென்று ‘கூச்சல்’ ஆகிவிடும்.

4. காலத்தை உறுதி செய்யுங்கள்

இந்தச் சொல்லுக்கு அகராதிகள் தரும் முதல் சான்று 1570-களைச் சேர்ந்தது. பரவலாகப் புழங்குவது பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து. இடைவெளி பெரியது, அதை மறைக்காமல் குறியுங்கள். முதல் சான்று கிடைத்த ஆண்டு சொல் பிறந்த ஆண்டு அல்ல, யாரோ ஒருவர் எழுதி வைத்து, அந்தத் தாள் பிழைத்துக் கிடந்த ஆண்டு. கூவல்களுக்கு இது இன்னும் பொருந்தும். கத்துகிறவர்கள் எழுதுவதில்லை.

ஆண்டைக் குறிப்பதில் மூன்று இடங்களில் தடுக்கி விழுவார்கள்.

எழுதிய ஆண்டும் அச்சான ஆண்டும் வேறு. ஜான் ஈவ்லினின் நாட்குறிப்பு பதினேழாம் நூற்றாண்டினுடையது, அச்சில் முதலில் வந்தது 1818-ல். சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பு 1825-ல். பழைய பதிப்பாசிரியர்கள் எழுத்துக்கூட்டைத் தங்கள் காலத்துக்கு மாற்றிவிடுவார்கள். அத்தகைய நூலிலிருந்து பொருளுக்குச் சான்று எடுக்கலாம். எழுத்துக்கூட்டுக்கு எடுக்கக் கூடாது.

இங்கிலாந்தில் 1752-க்கு முன் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதிகள் நம் கணக்குப்படி அடுத்த ஆண்டைச் சேர்ந்தவை. பழைய கடிதத்தில் ‘பிப்ரவரி 1681’ என்றிருந்தால் நமக்கு அது பெரும்பாலும் 1682. முதல் சான்று எது என்ற போட்டியில் இந்த ஓராண்டு பெரிய வித்தியாசம்.

மூன்றாவது, பிற்கால ஆசிரியர் முற்கால மனிதர் வாயில் வைக்கும் சொல். சரித்திர நாவலில் பதினைந்தாம் நூற்றாண்டு அரசர் ஆறாம் ஹென்றியின் வீரர்கள் ஹஸ்ஸா போட்டால் அது நாவலாசிரியர் காலத்துச் சான்று மட்டுமே. கலிஃபோர்னியாவில் 1963-ல் தொடங்கிய மறுமலர்ச்சிக் காலத் திருவிழாக்களில் எலிசபெத் அரசி காலத்து வேடத்தில் எல்லோரும் இதைக் கத்துவதால், ஷேக்ஸ்பியர் காலத்தில் எல்லோரும் கத்திய சொல் என்ற எண்ணம் பரவிவிட்டது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இந்தச் சொல் இல்லை. ‘கோரியொலேனஸ்’ நாடகத்தில் தொப்பியை மேலே எறியும் மகிழ்ச்சிக்கு அவர் எழுதிய கூவல் ‘ஹூ’. அந்தக் காலத்தை மேடையில் காட்டுவதாக இருந்தால் அதுதான் பாதுகாப்பு.

5. உச்சரிப்பை இயைபிலிருந்து எடுங்கள்

இன்றைய உச்சரிப்பு ‘ஹ-ஸா’. அழுத்தம் இரண்டாம் அசையில், நடுவே உள்ளது தேனீ ரீங்காரம்போல் அதிரும் ஒலி. பழைய உச்சரிப்பும் இதுவேதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போப்பின் ‘எஸ்ஸே ஆன் மேன்’ கவிதையின் நான்காம் மடலில் (1734) இந்தச் சொல்லின் பன்மை, ‘அவுட்வெய்ஸ்’ என்ற சொல்லோடு இயைபாக, அதாவது வரிமுடிவில் ஒலி ஒத்து, நிற்கிறது. அப்படியானால் போப் படித்தது ‘ஹஸ்ஸேஸ்’ என்று. ஒரே ஒரு இயைபை நம்பலாமா என்ற சந்தேகம் நியாயமானது. அதே கவிஞர் வேறோர் இடத்தில் தேநீருக்கான சொல்லை ‘ஒபே’ என்பதோடு இயைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் அதை ‘டே’ என்றும் சொன்னது வேறு வழிகளிலும் தெரியும். அவருடைய இயைபு காதுக்கு உண்மையாக இருக்கிறது. ஏ-ஒய் என்று முடியும் எழுத்துக்கூட்டும் இதை ஆதரிக்கிறது. ‘ஹுர்ரா’வும் ‘ஹுரே’யும் இன்றும் அருகருகே புழங்குவதைப் பார்த்தால், ‘ஆ’ முடிவும் ‘ஏ’ முடிவும் ஒரே காலத்தில் வழங்கியதில் வியப்பில்லை.

அமெரிக்க விடுதலைப் போரை நடித்துக் காட்டும் குழுக்களில் சிலர் ‘ஹஸ்ஸே’ ஒன்றே சரி என்று அடித்துப் பேசுவார்கள். அந்த அளவுக்குச் சான்று போகாது. இரண்டும் இருந்தன என்று எழுதுங்கள்.

6. பிறப்புக் கோட்பாடுகளை எடை போடுங்கள்

இங்கேதான் அவசரம் கூடாது. ஒவ்வொரு கோட்பாட்டையும் மூன்று கேள்விகளால் சோதியுங்கள். மூலச்சொல் காலத்தால் முந்தியதா? இரு மொழிக்காரர்களும் ஒருவர் கூவலை ஒருவர் கேட்கும் இடம் இருந்ததா? ஒலியும் பயன்பாடும் இரண்டுமே பொருந்துகின்றனவா? ஒலி மட்டும் பொருந்தினால் அதைத் தனிக் குவியலில் போடுங்கள்.

முன்னணியில் நிற்பது மாலுமிகள் கோட்பாடு. ரோஜர் நார்த் என்ற ஆங்கில வழக்கறிஞர் ‘எக்ஸாமென்’ என்ற நூலில், நண்பர்கள் கப்பலில் ஏறும்போதும் இறங்கிப் போகும்போதும் மாலுமிகள் எழுப்பும் முழக்கத்திலிருந்து இது வந்ததாகச் சொல்கிறார். நூல் அச்சானது 1740. நார்த் 1734-லேயே இறந்துவிட்டார். அவர் பேசுவது இரண்டாம் சார்லஸ் காலத்து அரசியலைப் பற்றி. ஆக இது 1670-கள், 80-களை நேரில் கண்டவரின் சாட்சி. முதல் சான்றுக்கோ அதற்கும் நூறாண்டு முந்தைய வயது. தன் காலத்தில் மக்கள் அப்படி நம்பினார்கள் என்பதற்கு நார்த் நல்ல சாட்சி. சொல் பிறந்த கணத்துக்கு அவர் சாட்சியாக முடியாது.

அடுத்த அடியைப் பலரும் கவனிக்காமல் தாண்டுகிறார்கள். நார்த் சொல்வது வரவேற்பு முழக்கம். இணையத்தில் நீங்கள் படிப்பது பாய் ஏற்றும்போது இழுக்கும் கூவல். இரண்டும் ஒன்றல்ல. இரண்டையும் இணைத்தது அகராதிக்காரர்களின் ஊகம். அவர்களே ‘இருக்கலாம்’ என்றுதான் எழுதினார்கள். ஊகத்துக்கு அடிப்படை உண்டு. 1549-ஐச் சேர்ந்த ‘தி கம்ப்ளெயின்ட் ஆஃப் ஸ்காட்லண்ட்’ நூலில் மாலுமிகள் கயிறு இழுக்கையில் ‘ஹைஸா ஹைஸா’ என்று கூவுவது எழுதப்பட்டிருக்கிறது. உயரத் தூக்குவதற்கான ‘ஹாய்ஸ்’ என்ற பழைய ஆங்கில வினையும் (இன்றைய ‘ஹாய்ஸ்ட்’), பிரெஞ்சு ‘இஸ்ஸே’, ஸ்பானிய ‘இஸார்’ முதலியவையும் ஒரே கடல் சொற்குடும்பம். காலம் பொருந்துகிறது, துறைமுகம் என்ற சந்திப்பிடமும் இருக்கிறது.

ஒலியமைப்பும் உதவுகிறது. பல பேர் ஒரே நொடியில் இழுக்க வேண்டுமானால் கூவலுக்கு இரண்டு பகுதி தேவை: முதல் அசையில் பிடித்துத் தயாராவது, அழுத்தமான இரண்டாம் அசையில் இழுப்பது. ஹஸ்ஸாவின் அழுத்தம் அங்கேதான் விழுகிறது. ஆனால் உயிரொலி ‘ஐ’யிலிருந்து எப்படி மாறியது என்பதற்கு நடுவழிச் சான்று இல்லை. கோட்பாட்டை ‘சாத்தியம் அதிகம்’ என்ற படியில் நிறுத்துங்கள், அதற்கு மேல் ஏற்றாதீர்கள்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் ‘ஐலசா’ காதில் ஒலித்தே தீரும். நம் மீனவர்கள் வலையும் படகும் இழுக்கும்போது பாடும் ‘ஏலேலோ ஐலசா’வுக்கும் ‘ஹைஸா’வுக்கும் ஒலி நெருக்கம், வேலையும் அதே வேலை. இதை வைத்து யாராவது கட்டுரை எழுதிவிடுவார்கள் என்பது நிச்சயம். மூன்று கேள்வியைப் போடுங்கள்: கூவல் கைமாறிய இடத்தைக் காட்டும் சான்று எதுவும் கையில் இல்லை. மூச்சை இறுக்கி இழுக்கும் எந்த மொழிக்காரர் வாயிலும் இப்படி ஓர் ஒலி வரலாம். எனவே இது ஒலி மட்டும் பொருந்தும் குவியலுக்குப் போகிறது.

இரண்டாவது கோட்பாடு ஜெர்மன் ‘ஹுஸ்ஸா’. வேட்டையில் நாயை ஏவவும் விலங்கைத் துரத்தவும் எழுப்பிய கூவல், பின்னாளில் மகிழ்ச்சிக் கூவலும் ஆனது. ஆங்கிலச் சான்று 1570-களுக்குப் போவதால், ஜெர்மன் வடிவத்துக்கு அதைவிட மூத்த மேற்கோள் கிரிம் அகராதியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டும் தனித்தனியே முளைத்த உறவினர் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அகராதிகளும் இதை ஒப்புநோக்கத்தான் காட்டுகின்றன, மூலம் என்று சொல்வதில்லை.

ஒதுக்க வேண்டியவை விரைவாக. ஹுஸார் என்ற குதிரைப்படைப் பெயர் ஹங்கேரிய மொழியிலிருந்து வந்த வேறு சொல். ஹோசன்னா எபிரேய வழிபாட்டுச் சொல். ஆங்கிலத்தில் மிகப் பழங்காலம் முதல் தனியாக வாழ்ந்தது, ஹஸ்ஸாவாகத் திரிந்ததற்குத் தடயமில்லை. மங்கோலியர் போர்க்கூவல், துருக்கியரின் ‘அடி’ என்ற கட்டளை, ஸ்லாவிய மொழியின் ‘சொர்க்கத்துக்கு’ முதலிய கதைகள் பெரும்பாலும் ஹுர்ரா என்ற அடுத்த சொல்லுக்குச் சொல்லப்படுபவை. அவற்றை ஹஸ்ஸாவுக்கு மாற்றி ஒட்டுவது இன்னொரு தவறு.

7. ஹுர்ராவையும் ‘ஹிப் ஹிப்’பையும் தனித்தாளில் வையுங்கள்

ஒரே பதிவில் கலந்தால் காலவரிசை குழம்பும். ஹுர்ரா ஆங்கிலத்தில் 1680-களில் தலைகாட்டுகிறது. ஹஸ்ஸாவுக்கு நூறாண்டு இளையது. ஜான்சன் அகராதியில் அது இல்லை. டாட் திருத்திய 1818 பதிப்பில்தான் இடம்பெற்றது. அகராதியில் இல்லாததால் பேச்சிலும் இல்லை என்று எழுதிவிடக் கூடாது என்பதற்கு இதுவே நல்ல எடுத்துக்காட்டு. ஹஸ்ஸாவே ஒலி மாறி ஹுர்ரா ஆனதா, வேகமாகப் பாய்வதைக் குறித்த பழைய ஜெர்மன் ‘ஹுர்ரா’ போன்ற கூவல்கள் அதில் கலந்தனவா என்பது திறந்த கேள்வி. நெப்போலியனை எதிர்த்த விடுதலைப் போரில் பிரஷ்ய வீரர்கள் இதைப் போர்முழக்கமாக்கினார்கள் என்று கிரிம் அகராதி குறிக்கிறது. அது புகழுக்குக் காரணம், பிறப்புக்கு அல்ல.

ஹிப் என்பது கூட்டத்தை ஒன்றாகக் கத்த வைக்கும் முன்னழைப்பு; பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வேலைக்கு வந்தது. ‘எருசலேம் வீழ்ந்தது’ என்ற லத்தீன் வாக்கியத்தின் முதலெழுத்துகள் சேர்ந்தே ‘ஹெப்’ ஆயின என்ற கதை பிடிவாதமாகச் சுற்றுகிறது. ஜெர்மனியில் 1819-ல் வூர்ஸ்பர்க்கில் தொடங்கிய யூத எதிர்ப்புக் கலவரங்களில் ‘ஹெப் ஹெப்’ என்று கத்தியது உண்மை. லத்தீன் விளக்கம் சொல்லுக்குப் பின்னால் கட்டியது. முதலெழுத்துச் சுருக்கத்தால் பழைய சொல்லை விளக்கும் எந்தக் கதையையும் முதலில் சந்தேகியுங்கள். இருபதாம் நூற்றாண்டுக்கு முன் அப்படிச் சொல் உருவாக்குவது மிக அரிது.

8. பதிவை எழுதுங்கள், தமிழில் கொடுங்கள்

பதிவின் வரிசை: வடிவங்கள், உச்சரிப்பு, பொருள்கள் காலவரிசையில், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேற்கோள், கடைசியில் பிறப்பு. பிறப்பு வரியில் ‘சான்றுள்ளது’, ‘சாத்தியம் அதிகம்’, ‘ஒலி ஒப்புமை மட்டும்’ என்ற மூன்று தரங்களில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். ஒதுக்கிய கோட்பாடுகளையும் காரணத்தோடு ஒரு வரியில் எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்து வருபவர் அவற்றைப் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைப்பார்.

மொழிபெயர்ப்பில் ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போடாதீர்கள். அரசருக்கோ தளபதிக்கோ எழும் முழக்கம் என்றால் ‘வாழ்க’ பொருந்தும். தெருக்கூட்டம் தலைவரைத் தூக்கிவைத்துக் கத்தினால் ‘ஜே’. எண்ணிக்கையோடு வந்தால் “மூன்று முறை ஜே போட்டார்கள்” என்று எண்ணை விடாமல் கொடுங்கள். முறைப்படியான வாழ்த்து என்ற பொருள் அந்த எண்ணில்தான் இருக்கிறது. கலகக் கும்பல் என்றால் ‘கூச்சலிட்டார்கள்’. ‘குலவை’யைத் தொடாதீர்கள்: அது பெண்கள் நாவை அசைத்து எழுப்பும் ஒலி, மணவீட்டையும் கோயிலையும் கண்முன் கொண்டுவந்துவிடும். இன்றைய ஆங்கிலத்தில் யாராவது சின்ன விஷயத்துக்கு ஹஸ்ஸா என்று எழுதினால் பெரும்பாலும் கேலியான பழமைத் தொனி. அங்கே பாராட்டுச் சொல்லைவிட, ‘ஆகா, வெற்றி வெற்றி’ என்று சற்றே மிகைப்படுத்திய நாடக வசனம் சரியாக உட்காரும்.